கண்ணு தெரியாம போன அப்பாவுக்கு நூலகத்துல ஆடியோபுக் கெடைக்குமா? (கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க)

தாமிரபரணிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு போற ஆளு நான், இன்னைக்குத்தான் மொத தடவ எழுதுதேன்.

எங்கப்பா ரிட்டயர்டு போஸ்ட்மேன், வயசு 68. சுகர் இருபது வருஷமா உண்டு. ரெண்டு வருஷம் முன்ன கண்ணுக்குள்ள ரத்தக்கசிவு வந்து, லேசர், ஊசி எல்லாம் போட்டும் வலது கண்ணு சுத்தமா போச்சு. இடது கண்ணுல ஆள் நிக்காங்கனு தெரியும், யாருனு தெரியாது. அவங்களுக்கு நூலகம்னா உசுரு. தபால் குடுக்கற பீட் முடிஞ்சதும் நேரா கிளை நூலகத்துக்குத்தான் சைக்கிள் போவும், பழைய துப்பறியும் நாவலு, பயணக் கட்டுரை, எது கெடைச்சாலும் சரி, வீட்டுக்கு வரும்போது கேரியர்ல ரெண்டு புக்கு இருக்கும். இப்போ திண்ணையில உக்காந்து தெருவுல போற வண்டிச் சத்தத்த வச்சே இது யார் வண்டினு சொல்லிட்டு இருக்காங்க.

போன வாரம் நூலகத்துக்குப் போயி கேட்டேன். அங்க இருந்தவங்க நல்லாத்தான் பேசுனாங்க, "பிரெய்ல் புக்குக்கு வேணா எழுதிக் கேக்கலாம் தம்பி"னாங்க. புள்ளியத் தடவித் தடவிப் படிக்கற பிரெய்ல வச்சு அப்பா என்ன செய்வாங்க? சுகரால விரல் நுனி மரத்துப் போச்சு. மாத்திரை அட்டையில எந்தக் குழியில மாத்திரை இருக்கு எது காலினு அவங்களுக்குத் தடவிப் பாத்தா தெரியல, நான்தான் எடுத்துக் குடுக்கேன். இதுல ஆறு புள்ளி எங்க தெரியும்.

நூலகத்துல ஆடியோபுக்குனு ஒண்ணு தமிழ்ல உண்டா இல்லையா? இருந்தா எப்படி வாங்கணும்?

நடுநிசி_டீ:
ப்ரோ யூட்யூப்ல கொட்டிக் கெடக்கே. பழைய சிறுகதை, சரித்திர நாவல் எல்லாம் யாராச்சும் வாசிச்சுப் போட்டிருக்காங்க. நூலகத்துக்கு எதுக்கு அலையுறீங்க, ஃபோன குடுத்து ப்ளே பண்ணி விடுங்க, முடிஞ்சது.

வெள்ளைக்குச்சி:
மேல எழுதுன டீ நண்பருக்கு: கண்ண இறுக்கக் கட்டிட்டு ஒரு மணி நேரம் யூட்யூப்ல கதை கேளுங்க, அப்புறம் வந்து எழுதுங்க. எனக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை இல்ல, வங்கியில வேலை பாக்குறேன், ஸ்கிரீன்ல இருக்கறத வாசிச்சுச் சொல்ற டாக்பேக் வச்சு ஃபோன ஓட்டுறது எனக்குப் பழக்கம். எனக்கே கதை நடுவுல விளம்பரம் வந்து அந்த ஸ்கிப் பட்டன் ஸ்கிரீன்ல எங்க இருக்குனு தடவிக் கண்டுபிடிக்குறதுக்குள்ள, கொலைகாரன் யாருங்கறதே மறந்து போயிடும். 68 வயசுல பார்வை போனவர்கிட்ட டச் போன குடுத்து "ப்ளே பண்ணி விடு"ன்னா என்ன நடக்கும்? விரல் எங்கயோ படும், கதை நின்னு பக்தி பாட்டு ஓடும், அவர் உங்கள கூப்பிடணும். ஒவ்வொரு தடவையும். அதுக்குப் பேசாம திண்ணையிலயே உக்காந்துக்கலாம்னு தோணிடும் அவருக்கு.

தாமிரபரணி தம்பி, உங்க கேள்விக்கு வரேன். சுகம்யா புஸ்தகாலயானு ஒண்ணு இருக்கு, ஆன்லைன் நூலகம், 2016 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியாவும் மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகள் துறையும் டிசிஎஸ்ஸும் சேந்து கொண்டு வந்தது. அந்த ஃபோரத்துல இருக்கற ஏதாவது ஒரு அமைப்பு மூலமா மெம்பர் ஆகணும். மாற்றுத்திறனாளி சான்றிதழ், இல்லன்னா யுடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்து வைங்க. மெம்பர் ஆயிட்டா ஈஸிரீடர் மாதிரி ஆப்ல உள்ள போய் எடுத்துக்கலாம்.

ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் திட்டக் கூடாது. அங்க இருக்கறதுல பாதிக்கு மேல நாம நெனைக்குற ஆடியோபுக் கெடையாது, டெக்ஸ்ட் ஃபைல். அத மெஷின் குரல்தான் வாசிக்கும். எனக்கு அது பழகிப் போச்சு, ரெண்டு மடங்கு வேகத்துல வச்சுக் கேப்பேன், பக்கத்து சீட்டு ஆளுக்கு அது கொசு கத்துற மாதிரி இருக்குமாம். உங்கப்பாவுக்கு முதல் நாளே அது ஒத்து வராது.

தாமிரபரணிக்காரன்:
அண்ணே ரொம்ப நன்றி. டெய்சினா என்னது, அது ஒரு கம்பெனியா?

வெள்ளைக்குச்சி:
அது ஒரு ஃபார்மட். சாதா எம்பித்ரீயில பத்து மணி நேரப் புக்குல ஏழாவது அத்தியாயம் எங்கனு தேடணும்னா முன்னாடி பின்னாடி இழுத்துட்டே இருக்கணும்ல, டெய்சியில தலைப்பு, பக்க நம்பர் எல்லாம் குரலோட கட்டி வச்சிருப்பாங்க. "பக்கம் 112"னு குடுத்தா அங்க போய் நிக்கும். நீங்க புத்தகத்தப் புரட்டற மாதிரி நாங்க புரட்டறதுக்கு அது. காலேஜ்ல வாத்தியார் "பக்கம் 112 எடுங்க"ன்னு சொல்லும்போது மத்தவங்க தாள் சத்தம் கேக்கும், நான் மட்டும் சும்மா உக்காந்திருப்பேன், மூணு வருஷம் அப்படித்தான் போச்சு. டெய்சி கைக்கு வந்தது அதுக்கு அப்புறம்தான்.

கிளைநூலக_அக்கா:
இந்த இழையப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல. நான் ஒரு கிளை நூலகத்துல இருக்கேன் (எந்த ஊருனு கேக்காதீங்க, வேலை பாக்கணும்ல). தம்பிகிட்ட பேசுன நூலகரத் தப்பா நெனைக்காதீங்க, அவங்க கையில எதுவும் இருந்திருக்காது. எங்க கிளையில ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பாதி நாள் நெட்டு வராது. சென்னை கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010ல தொறந்தப்பவே கீழ்த்தளத்துல பார்வையற்றவங்களுக்குனு தனிப் பிரிவு வச்சாங்க, மதுரையில 2023ல தொறந்த கலைஞர் நூலகத்துலயும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிரிவு இருக்கு. ஆனா தாமிரபரணிக் கரையில திண்ணையில உக்காந்திருக்கறவருக்கு கோட்டூர்புரம் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல. கட்டடத்துக்குள்ள இருக்கற வசதி அந்தக் கட்டடத்துக்குப் போக முடியறவங்களுக்கு மட்டும்தான்.

எங்க துறையில எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கறது ரங்கநாதன் நூலகத்துக்குனு எழுதுன அஞ்சு விதி, சீர்காழிக்காரர், 1931ல எழுதுனது. அதுல ரெண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். அதே 1931லதான் அமெரிக்காவுல பார்வையற்றவங்களுக்கு நூலகம் மூலமா புத்தகம் குடுக்கணும்னு சட்டம் போட்டாங்க, 1934லயே பேசும் புத்தகம் ரெக்கார்டுல வந்துடுச்சு, தபால்ல வீட்டுக்கே போகும். நாம விதிய எழுதிட்டு ரெண்டு மார்க் கேள்வியா வச்சுக்கிட்டோம்.

இன்னொண்ணு. நம்ம நூலகச் சட்டம் 1948ல வந்தது, சொத்து வரியோட சேத்து நூலக வரினு வாங்குறாங்க, வரி ரசீத எடுத்துப் பாருங்க தெரியும். கண்ணு தெரியாதவர் வீட்டுக்கு அதுல தள்ளுபடி ஒண்ணும் கெடையாது.

ஸ்கார்பரோ_மருமகள்:
நான் இப்ப டொரண்டோ பக்கம் இருக்கிறன். மாமிக்குப் பார்வை குறைஞ்ச பிறகு இங்கத்தைய நூலகத்திலயே கேட்டனான். சீலா எண்டு ஒரு சேவை இருக்கு, நூலக கார்ட் நம்பரக் குடுத்து, எனக்கு அச்சில இருக்கிறத வாசிக்க ஏலாது எண்டு நாமளே சொன்னாப் போதும், டொக்டர் கடிதம் ஒண்டும் கேக்கேல்ல. நான் ஃபைல் கட்டோட போனனான், அவை பாக்கவே இல்ல! டெய்சி சிடி தபால்ல வந்தது, தபால் செலவும் இருக்கேல்ல. ஆனா இருக்கிறது பெரும்பாலும் இங்கிலீஷும் ஃப்ரெஞ்சும். மாமிக்கு வேண்டியது தமிழ். வசதி இங்க இருக்கு, புத்தகம் அங்க இருக்கு.

மூட்டு_முத்தம்மா:
நடுவுல பூந்து கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், பதினோரு வருஷமா, விரல் எல்லாம் கோணிப் போச்சு. தடியான புக்க விரிச்சுப் பிடிக்க முடியாது, பக்கம் திருப்பறதுக்குள்ள மணிக்கட்டு வலி உயிர் போகும். இந்த ஆடியோ நூலகம் எல்லாம் பார்வை இல்லாதவங்களுக்கு மட்டும்தானா? கேக்கவே கூச்சமா இருக்கு, அவங்க பங்க நான் பிடுங்குற மாதிரி.

வெள்ளைக்குச்சி:
அக்கா, ஃபைல் தானே, நீங்க ஒரு காப்பி எடுத்தா எனக்குக் கொறஞ்சு போயிடுமா என்ன. அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கறதுக்காக நாடுங்க சேந்து போட்ட மர்ரகேஷ் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2013ல போட்டது, அதுல முதல்ல கையெழுத்த உறுதி பண்ணுன நாடு இந்தியாதான், 2014 ஜூன்ல. அதுல யாருக்கெல்லாம்னு மூணு வகை: பார்வை இல்லாதவங்க, டிஸ்லெக்சியா மாதிரி படிக்கறதுல சிக்கல் உள்ளவங்க, அப்புறம் புத்தகத்தப் பிடிக்கவோ பக்கம் திருப்பவோ முடியாதவங்க. மூணாவது அப்படியே நீங்கதான்.

மூட்டு_முத்தம்மா:
அப்படியே எழுதியிருக்கா? புத்தகத்தப் பிடிக்க முடியாதவங்கனு? ஒரு தடவ நானே போய்ப் படிச்சுப் பாக்கணும் போல இருக்கு.

ரெண்டாம்வகுப்பு_அம்மா:
டிஸ்லெக்சியானு பாத்ததும் வந்தேன். என் பையனுக்கு இருக்கு. எழுத்து ஓடுற இடத்துல கலர் மாறிட்டே குரலும் கூட வரும்ல, அந்த மாதிரி புக்கு குடுத்தா அவனாவே உக்காந்து கேக்குறான். ஆனா வீட்ல பெரியவங்க "கேக்கறது எல்லாம் படிப்பா, சோம்பேறித்தனம்"ங்கறாங்க. ராமாயணம், பாரதம் எல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் கோயில் திண்ணையில ஒருத்தர் வாசிக்க ஊரே உக்காந்து கேட்டதுதானே, அப்ப அவங்கல்லாம் சோம்பேறியா?

கொங்கு_பதிப்பு:
நானுங்க ஒரு சின்னப் பதிப்பகம் நடத்தறேன். எல்லாரும் சொல்றது நியாயந்தானுங்க, ஆனா எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. ஒரு நாவலு முந்நூறு காப்பி போட்டு அது விக்கவே ரெண்டு வருசம் ஆகுதுங்க. கண்ணு தெரியாதவங்களுக்குன்னு ஃபைலக் குடுத்தா அது மக்யா நாளு டெலிகிராம் குரூப்புல சுத்தும். ஏற்கெனவே சுத்திட்டுத்தான் இருக்குது. எழுத்தாளருக்கு நான் என்ன பதிலு சொல்றதுங்க?

வழக்கறிஞர்_வாசல்:
பதிப்பாளர் நண்பருக்கும் மத்தவங்களுக்கும்: இதுக்கு இந்தியாவுல தெளிவாவே சட்டம் இருக்கு. காப்பிரைட் சட்டத்துல 2012 திருத்தத்துல பிரிவு 52ல ஒரு உட்பிரிவு சேத்தாங்க. மாற்றுத்திறனாளி படிக்கறதுக்கு ஏத்த வடிவத்துல மாத்தறதுக்கு உரிமைதாரர் அனுமதி தேவையில்ல, ராயல்டி தேவையில்ல. அவரோட சொந்த உபயோகத்துக்கு யார் வேணா மாத்திக் குடுக்கலாம், தனி ஆளும் குடுக்கலாம். அமைப்பா செஞ்சா லாபம் பாக்கக் கூடாது, தயாரிப்புச் செலவு மட்டும் வாங்கலாம், அதோட வெளி வியாபாரத்துக்குள்ள அந்தக் காப்பி போகாம பாத்துக்கணும். மெம்பர்ஷிப், சான்றிதழ்னு கேக்கறது அதுக்காகத்தான். வாசிச்சு யூட்யூப்ல எல்லாருக்கும் தொறந்து விடறது இதுல வராது, அது வேற கேஸ்.

இன்னொண்ணு, எல்லாத்துக்கும் காப்பிரைட்னு பயப்படவும் வேணாம். எழுத்தாளர் எறந்து 60 வருஷம் தாண்டுனா முடிஞ்சது. புதுமைப்பித்தன் 1948, கல்கி 1954. அது போக நம்ம அரசு நாட்டுடைமை ஆக்குனது ஒரு பெரிய பட்டியலே இருக்கு. அதுல எத்தனை நல்ல டெய்சி புக்கா வந்திருக்குனு தேடிப் பாருங்க, சட்டம்தான் தடையா இல்ல நம்ம சோம்பலானு தெரியும்.

வெள்ளைக்குச்சி:
இத நானும் சொல்லணும்னு இருந்தேன். அனுமதி பிரச்சனையே இல்ல சார், ஃபைல்தான் பிரச்சனை. எங்க ஆளுங்களுக்குப் பழகுன மூணு கொடுமை இருக்கு.

பிடிஎஃப்னு ஒண்ணு அனுப்புவாங்க, தொறந்தா ஸ்கிரீன் ரீடர் வாயே தொறக்காது. ஸ்கேன் பண்ணுன படம், உள்ள எழுத்தே இல்ல. அடுத்தது இன்னும் மோசம், எழுத்து இருக்கும், ஆனா பழைய ஃபாண்ட்ல அடிச்சது. உங்க கண்ணுக்கு அழகா "அவன் வந்தான்"னு தெரியும், எனக்கு "மல்டு டேஷ் காமா ஈ டபிள்யூ"ன்னு இங்கிலீஷ்ல ஒப்பாரி வைக்கும். அப்புறம் ஓசிஆர் போட்டு, அதாவது ஸ்கேன் படத்துல இருந்து கம்ப்யூட்டரே எழுத்தக் கண்டுபிடிச்சு எடுத்தது. தமிழ்ல ரகரமும் துணைக்காலும் பாக்கறதுக்கு ஒண்ணு போலயே இருக்காமே, நான் பாத்ததில்ல, ஆனா கேட்டே கண்டுபிடிச்சிருக்கேன். அதோட ஒவ்வொரு பக்க உச்சியிலயும் புத்தகப் பேரும் நம்பரும் அச்சடிச்சிருப்பாங்கல்ல, அதையும் விடாம வாசிக்கும். ஹீரோயின் சாகப் போறா, கடைசி வார்த்தை பேசுறா, நடுவுல புத்தகத்தோட பேரும் "இருநூற்று நாற்பத்தி ஒன்று"ம்.

கொங்கு_பதிப்பு:
சிரிச்சுப்போட்டனுங்க, மன்னிச்சுக்கோங்க. ஆனா ஃபைலு கேட்டா எங்ககிட்ட இருக்கணுமில்லீங்களா. பழைய புத்தகமெல்லாம் பேஜ்மேக்கர்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல போட்டது. டிடிபி போட்ட அண்ணன்கிட்ட இருந்துச்சு, அவரு ஹார்டு டிஸ்க்கு போயிருச்சு, அப்புறம் அண்ணனும் போயிட்டாருங்க. புதுசா வர்றதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கற யூனிகோடு எழுத்துலதான், அதக் குடுக்கலாமுங்க.

கிளைநூலக_அக்கா:
இங்கதான் நான் ஒண்ணு சொல்லணும். அரசு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குற நூலக ஆணைக்குப் பதிப்பகங்க விண்ணப்பம் போடுறாங்க. வாங்குற நூலகம் எல்லாம் எத்தனை, அத்தனை கிளைக்கும் தாள்லதான் போகுது. அந்த விண்ணப்பத்துலயே ஒரு வரி சேத்தா என்ன, "தேர்வான நூலுக்கு யூனிகோட் ஃபைல் ஒண்ணும் ஒப்படைக்கணும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் பயன்படுத்தப்படும்"னு? ஓசிஆர் வேணாம், ஸ்கேன் வேணாம், ரகரமும் காலும் கொழம்பாது. 2010லயே தமிழுக்கு யூனிகோட்தான் தரம்னு நம்ம அரசே அறிவிச்சிருக்கு. அரசு காசு குடுத்து வாங்குற புத்தகத்துக்குக் கேக்கறதுல என்ன தப்பு?

கொங்கு_பதிப்பு:
ஆணை கெடைச்சாக் குடுக்கறதுக்கு என்னங்க கசக்குதா. பாஸ்வேர்டு போட்டு, மெம்பருக்கு மட்டும்னு இருந்தா நான் முதல் ஆளாக் கையெழுத்துப் போடறேன். ஆணைக் காசு நேரத்துக்கு வருமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க அக்கா.

கிளைநூலக_அக்கா:
அது என் கையில இல்லப்பா 🙂

தாமிரபரணிக்காரன்:
நீங்கல்லாம் பேசுறது பெரிய விஷயம், எனக்குப் பாதி புரியுது. அப்பாகிட்ட இத வாசிச்சுக் காட்டுனேன். கனடா அக்கா தபால் செலவு இல்லனு எழுதியிருந்தாங்கல்ல, அதக் கேட்டதும் நிமிந்து உக்காந்துட்டாங்க. "நம்ம ஊர்லயும் உண்டுடா, பிளைண்ட் லிட்டரேச்சர்னு கண்ணு தெரியாதவங்க புக்குக் கட்டு, ஏழு கிலோ வரைக்கும் ஸ்டாம்பு கெடையாது"னாங்க. அவங்க பீட்டுல கண்ணு தெரியாத வாத்தியார் ஒருத்தர் இருந்தாராம், மாசத்துக்கு ஒரு கட்டு வருமாம், கெட்டி அட்டை, ஒரே புக்கு நாலு வால்யூமா. சைக்கிள் கேரியர்ல அது மட்டும்தான் ஏறும், மத்த பையெல்லாம் ஹேண்டில்பார்ல. மழைக் காலத்துல புள்ளி அமுங்கிரக் கூடாதுனு அந்த வாத்தியார் சொல்லுவாராம், அதனால தன்னோட ரெயின்கோட்ட கழட்டி கட்டு மேல போத்திட்டு, தான் நனைஞ்சிட்டே போவாங்களாம். "உள்ள என்ன எழுதியிருக்குனு எனக்குத் தெரியாமலே இருவது வருஷம் சொமந்தேன்"னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேசல.

குரல்_கொடை_மதுரை:
தம்பி, நான் மதுரை. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வாசிச்சுப் பதிஞ்சு குடுத்துட்டு இருக்கேன், ஆறேழு வருஷமா. மேல வக்கீல் சார் சொன்ன மாதிரி ஒருத்தருக்குனு தனியா வாசிச்சுக் குடுக்கலாம், அதனால உங்கப்பாவுக்கு நானே ஒரு துப்பறியும் நாவல் வாசிக்கறேன். எது வேணும்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் எனக்குத் தெரு அடங்கும், ஃபேன ஆஃப் பண்ணிட்டு பீரோவத் தொறந்து வச்சு புடவைங்களுக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டுதான் வாசிப்பேன், எதிரொலி வராது. கேக்கறதுக்கு சிரிப்பா இருக்கும், ஸ்டூடியோ எல்லாம் நமக்கு ஏது.

ஃபோன்ல வேணாம். பென் டிரைவ் சொருகுற சின்ன எஃப்எம் ரேடியோ ஒண்ணு வாங்குங்க, அமுக்குற பட்டன் உள்ளதா. அடுத்தது போற பட்டன்ல ஒரு துணி பிளாஸ்திரி ஒட்டி விடுங்க, விரல் மரத்திருந்தாலும் அது கொஞ்சம் சொரசொரனு தட்டும். இந்த ரேடியோவுல ஒரு தொல்லை, ஆஃப் பண்ணிப் போட்டா விட்ட எடம் மறந்துட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும் சிலது. அதனால பத்துப் பத்து நிமிஷமா வெட்டி 001, 002னு நம்பர் போட்டுத் தரேன், ஒவ்வொண்ணோட தொடக்கத்துலயும் நம்பரச் சொல்லிடுவேன். எந்த நம்பர்ல நிறுத்துனோம்னு மட்டும் அவங்க ஞாபகம் வச்சுக்கட்டும்.

வெள்ளைக்குச்சி:
அக்கா, ஒரே ஒரு விண்ணப்பம். நடிச்சு வாசிக்காதீங்க. சில பேர் வில்லன் வந்தா உறுமுறாங்க. எழுதுனத எழுதுனபடி வாசிச்சாப் போதும், உறுமல நாங்களே போட்டுக்குவோம்.

குரல்_கொடை_மதுரை:
எத்தனை பேர் சொல்லிட்டாங்க சாமி இத! நடிக்கல.

நடுநிசி_டீ:
நான் மொதல்ல எழுதுனதுக்கு சாரி. ஸ்கேன், ப்ரூஃப் பாக்கறது மாதிரி ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க, நைட் ஷிஃப்ட்ல சும்மாதான் இருக்கேன்.

வெள்ளைக்குச்சி:
வாங்க ப்ரோ. முந்நூறு பக்கம், ரகரமும் காலும். தனிச்செய்தி பாருங்க.

தாமிரபரணிக்காரன்:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். மெம்பர்ஷிப்புக்கு எழுதிப் போட்டிருக்கேன், சான்றிதழ் புதுசா எடுக்கச் சொல்லியிருக்காங்க. மதுரை அக்கா பென் டிரைவ் கூரியர்ல வந்துச்சு. அப்பா மொத நாள் ரெண்டு ஃபைல் கேட்டுட்டு "யாருடா இந்தப் பிள்ள, ழகரம் சுத்தமா வருது"னாங்க. இப்போ ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரேடியோ சத்தம், அம்மா ஒரே ஏச்சு. நம்பர ஞாபகம் வைக்கதுக்கு ஒரு டப்பாவுல புளியங்கொட்டை போட்டு வச்சிருக்காங்க, ஒரு ஃபைல் முடிஞ்சா ஒரு கொட்டை அடுத்த டப்பாவுக்கு.

அக்கா, ஒரே ஒரு விஷயம். டப்பாவுல 38 கொட்டை இருக்கு. ரேடியோவுல 38 முடிஞ்சதும் "நாற்பது"னு உங்க குரல் சொல்லுது. 39 எங்கனு காலையில இருந்து என்னைய ஒரு வேலை பாக்க விடல.

குரல்_கொடை_மதுரை:
அய்யய்யோ, அதுலதான் டிரைவர் வாக்குமூலம் குடுக்குறான்! அப்பாவ 40 கேக்க வேணாம்னு சொல்லு தம்பி. இன்னைக்கு ராத்திரியே வாசிச்சு அனுப்புறேன்.